மூச்சைப் பார்த்து ஆடும் பிள்ளைகள்

ஹட்டன் ரயில் நிலையத்தில் கால் வைத்ததும் குளிர் பிடித்து உலுக்கிவிட்டது. விடிய இன்னும் நேரம் இருந்தது. சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்கள் கம்பளித் தொப்பியும் துணி மூட்டையுமாக மேடை முழுக்க நின்றார்கள். தாயின் தோளில் தூங்கிய ஒரு கைக்குழந்தையின் மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிந்தது, அதுவும் சிவந்துபோய். புதுக்கோட்டையில் மார்கழிக் காலையில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும், கோலம் போட்டுவிட்டு வரலாம். இங்கே இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் எலும்பு பேசுகிறது. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சிக் குளிர் இன்னும் மேலே, நுவரெலியாவில் என்றாள் என்னை அழைத்துப்போக வந்திருந்த தோழி. பிற்பகலில் அங்கேதான் இருக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

தோழி ஒரு தோட்டப்புறக் கல்லூரியில் தமிழ் ஆசிரியை. ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளும் இங்கே கல்லூரி மாணவர்கள்தாம். அவளுடைய கல்லூரியின் கால்பந்து அணிக்கு அன்று நுவரெலியாவில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம். பஸ்ஸில் ஒரு இடம் காலி இருக்கிறது, வருகிறாயா என்று அவள் ஒரு வாரத்துக்கு முன்பே கேட்டிருந்தாள். தேயிலையைப் பார்க்க வந்த நான் அந்த நாள் முழுவதும் ஒரு பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு இம்மியும் வருத்தமில்லை.

ஸ்டேஷன் எதிரே ஒரு கடையில் ரொட்டியும் கட்டா சம்பலும் கிடைத்தன. மாசிக்கருவாடும் மிளகாயும் சேர்த்து இடித்த அந்தச் சம்பல் நாக்கைத் தொட்டதும் காது மடல்வரை சூடு ஏறியது. கூடவே இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. பால் இல்லாத தேநீரைக் காய்ச்சல் கண்டவர்களுக்குத்தான் எங்கள் வீட்டில் கொடுப்பார்கள். இங்கே முதல் மிடறிலேயே புரிந்துவிட்டது, இந்தத் தேயிலையில் பாலை ஊற்றுவது பாவம்!

டிக்கோயாப் பக்கமாக ஒரு தோட்டத்தில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். விடியும்போது அங்கே போய்ச் சேர்ந்தோம். அவர்களுடைய மைதானத்தைப் பார்த்து வாயடைத்து நின்றுவிட்டேன். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு சின்ன மேடை அது. ஒரு பக்கம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளின் தகரக் கூரை, அதற்கு மேலே புகை. மறுபக்கம் எல்லைக்கோடு முடிந்த இடத்திலேயே மலை இறங்கிவிடுகிறது, தேயிலைச் செடிகள் அப்படியே பள்ளத்துக்குள் போகின்றன. கோல் கம்பங்கள் யூகலிப்டஸ் கம்புகள். சரிவில், இடுப்பளவு செடிகளுக்கு நடுவே, இரண்டு பொடியன்கள் நின்றார்கள். அவர்கள் ஆட்டக்காரர்கள் இல்லை. பந்து கீழே போனால் தடுத்து மேலே எறிவதற்காக நிற்கிறவர்கள். அவர்களையும் தாண்டிவிட்டால் பந்து ஓடைக்குப் போய்விடும். யாராவது இறங்கி எடுத்து ஏறி வருவதற்குள் மற்றவர்கள் உட்கார்ந்து ஒரு கதையே பேசி முடித்துவிடலாம்.

"இங்க ஒசத்தி அடிக்க ஏலாது மிஸ். தரையோட தரையா கொடுத்து வாங்கித்தான் ஆகணும்" என்றார் பயிற்சியாளர். பிள்ளைகள் எல்லாரும் அவரை 'சேர்' என்றே அழைக்கிறார்கள். இதே தோட்டத்தில் பிறந்து படித்து விளையாட்டு ஆசிரியர் ஆனவர். எங்கள் ஊர்க் கண்மாய் வற்றிய பிறகு பையன்கள் ஆடுகிற ஆட்டம் எனக்கு நினைவு வந்தது. கண்மாய்க்கு எல்லை ஏது! பந்தை ஓங்கி உதைத்துவிட்டுப் புழுதியில் எல்லாரும் அதன் பின்னால் ஓடுவார்கள். இந்தப் பிள்ளைகளோ பந்தைக் காலைவிட்டு இரண்டு அடி தள்ளுவதற்கும் யோசிக்கிறார்கள். குறுக்கே, பின்னே, மறுபடி குறுக்கே. ஐந்து பேர் நின்ற இடத்திலிருந்தே பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு பஸ் கிளம்பியது. பதினெட்டுப் பிள்ளைகள், அவர்களின் தம்பி தங்கைகளில் சிலர், வாளி நிறைய ரொட்டி, ஒரு பெரிய பிளாஸ்க், பின் சீட்டில் தப்போடு ஒரு பெரியவர். கொட்டகலை தாண்டி, தலவாக்கலைக்கு முன்னால் டெவன் அருவியும் சென்கிளேயர் அருவியும் அடுத்தடுத்து வந்தன. நான் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடினேன். பிள்ளைகள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் பச்சை, அந்தப் பச்சைக்குள் கோடு கோடாகப் பாதைகள், அந்தக் கோடுகளில் புள்ளி புள்ளியாகக் கொழுந்து எடுக்கும் பெண்கள். ஜன்னலைத் திறந்தால் ஈர மண்ணும் தொழிற்சாலையிலிருந்து வரும் வறுத்த தேயிலை வாசனையும் கலந்து அடிக்கிறது. பஸ் முழுக்க அந்த மணம்தான்.

தப்புக்காரப் பெரியவர் அருகில் போய் உட்கார்ந்தேன். எந்த ஊர் என்று கேட்டார். புதுக்கோட்டை என்றதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அவருடைய பாட்டனாரும் அந்தச் சீமையிலிருந்து வந்தவராம். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் என்று எங்கள் மாவட்டங்களிலிருந்து கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளைவரை நடந்தே வந்தவர்கள் அந்த முதல் தலைமுறையினர். வழியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் உயிரைப் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர். முதலில் கோப்பி, இலைநோயில் கோப்பி அழிந்தபின் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்கிய 1867-ஐ இந்த நாடு கொண்டாடுகிறது. அந்தச் செடிகளுக்கு மண் வெட்டிய கைகள் எங்கள் பக்கத்துக் கைகள். அதை அந்த பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தபோது தொண்டை அடைத்தது.

"சின்ன வயசுல நான் பிரட்டுத் தப்பு அடிச்சவன்ம்மா" என்றார் பெரியவர். இருட்டிலேயே எழுந்து லயத்துக்கு லயம் தப்படித்துப் போக வேண்டும். அந்தச் சத்தத்துக்குத் தோட்டமே எழுந்து பிரட்டுக்களத்தில் வரிசை நிற்கும், கங்காணி பேர் போடுவார். பிறகு மலைக்கு ஏறினால் கையின் வேகத்தைத் தராசு பார்த்துக்கொள்ளும். இன்றைக்கும் பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ, 20 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி. நாட்கூலி ஆயிரம் ரூபாய் ஆனதே 2021-இல்தான், அதற்குப் பல வருடப் போராட்டம். பெரியவர் இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிக்கொண்டே தப்பின் தோலை உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார். குளிரில் தோல் தளர்ந்துவிடுமாம். நெருப்பில் காட்ட வழியில்லாத இடத்தில் கைச்சூடுதான்.

நானுஓயாவை நெருங்கும்போது சேர் எழுந்து நின்றார். பஸ் வளைவுக்கு வளைவு சாய, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாடம் நடத்தினார். 2009 ஏப்ரல் 1, பொலிவியாவின் லா பாஸ் நகரம், 3,600 மீட்டர் உயரம். வந்திருந்தது மரடோனா பயிற்றுவித்த ஆர்ஜென்டினா, அணியில் மெஸ்ஸியும் இருக்கிறார். முடிவு என்ன? ஆறுக்கு ஒன்று, பொலிவியாவுக்கு வெற்றி! பிள்ளைகள் இந்தக் கதையை முன்பே கேட்டிருக்க வேண்டும், 'ஆறுக்கு ஒன்று' என்பதைக் கூடவே சேர்ந்து கத்தினார்கள். "நுவரெலியா லா பாஸ் இல்ல. ஆனா நம்ம எடத்தவிட அறுநூறு மீட்டர் மேல. மொத இருபது நிமிஷம் துள்ளினீங்கன்னா அப்புறம் நாக்கு தள்ளும். விளங்குதா?" விளங்குது சேர் என்று பஸ்ஸே அதிர்ந்தது.

நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர். காற்றின் அழுத்தம் அங்கே கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு சின்ன ஏற்றம் ஏறினேன், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஊரோ, யாரோ இங்கிலாந்திலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து வந்து வைத்த மாதிரி! செங்கல் தபால் நிலையம், கிரெகரி ஏரி, குதிரைப் பந்தயத் திடல், ஓடு வேய்ந்த கூர்மாடங்கள், சாலையோரம் கேரட்டும் லீக்ஸும் கட்டுக் கட்டாக. எல்லாவற்றுக்கும் மேலே பிதுருதலாகல மலை, 2,524 மீட்டர், உச்சியை மேகத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றது.

சினிசிட்டா மைதானத்தில் மூன்று மணிக்கு விசில் ஊதினார்கள். நம் பிள்ளைகள் மஞ்சள், உள்ளூர்ப் பிள்ளைகள் நீலம். ஒரு பாதிக்கு 35 நிமிடம். சேர் சொன்னதெல்லாம் முதல் நிமிடத்திலேயே காற்றோடு போய்விட்டது. காலையில் அந்தச் சின்ன மேடையில் கட்டுண்டு ஆடியவர்களுக்கு இவ்வளவு பெரிய புல்வெளியைக் கண்டதும் கால் நிற்குமா! பறந்தார்கள். தப்பும் அவர்களோடு சேர்ந்து பறந்தது. வலது ஓரத்தில் ஓடிய ஒல்லிப் பையனுக்கு இரண்டு முறை அருமையான வாய்ப்பு. இரண்டு முறையும் பந்து அவனைத் தாண்டி எல்லைக்கு வெளியே ஓடிவிட்டது. காற்று இலேசான இடத்தில் பந்து கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஈரப்புல்லில் கூடுதலாகவே வழுக்கும். நீலச் சட்டைக்காரர்கள் அவசரமே படவில்லை. பந்து எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தவர்களாக முன்கூட்டியே அங்கே போய் நின்றார்கள். பாதி முடியச் சற்று முன்னால் ஒரு நீளமான பந்து, ஒரே ஓட்டம், ஒரே உதை. மஞ்சளுக்கு ஒரு கோல் பின்னடைவு.

இடைவேளையில் பிள்ளைகளை அருகில் போய்ப் பார்த்தேன். முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார்கள். தலையிலிருந்தும் தோளிலிருந்தும் ஆவி எழும்பியது. மனித உடம்பிலிருந்து ஆவி பறப்பதை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன். பிளாஸ்க்கிலிருந்து இனிப்புத் தேநீர் ஆளுக்கு அரை டம்ளர். சேர் திட்டவில்லை. "பந்து ஓடட்டும், நீங்க நடங்க. நம்ம தோட்டத்து கிரவுண்டுல ஆடுற மாதிரி ஆடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எட்டாம் நம்பர் பையனின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அணித்தலைவன் அவன்தான். பதினேழு வயது. காதில் ஒரு சின்னத் தழும்பு. பேசவே மாட்டான் போலிருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கிய சிறிது நேரத்தில் மலைப்பக்கமிருந்து பனி இறங்கியது. அம்மாடி, அது இறங்கிய வேகம்! தூரத்துக் கோல் கம்பம் சாம்பலாயிற்று, அதன் பின்னால் இருந்த மரங்கள் காணாமல் போயின. அந்தச் சாம்பலுக்குள் மஞ்சள் அணி ஆட்டத்தைப் படுக்கப் போட்டுவிட்டது. எட்டாம் நம்பர் பந்தை வாங்குவான், இடது காலின் அடிப்பாதத்தை அதன் மேல் வைப்பான், அப்படியே நிற்பான். எதிராளி நெருங்கி வரும்வரை நிற்பான். வந்ததும் பக்கத்தில் தட்டிவிட்டு நான்கு எட்டு நடப்பான். பந்து பின்னால் போகும், குறுக்கே போகும், திரும்ப அவனிடமே வரும். மறுபடி அடிப்பாதம், மறுபடி நிற்றல். ஒரு கோல் பின்னால் இருக்கிற அணி இப்படி ஆடினால் யாருக்குத்தான் பொறுக்கும்? "அடிங்கடா! என்னாடா நடந்துக்கிட்டிருக்கீங்க!" என்று நம் பக்கத்துக் கூட்டமே கத்தியது. தப்பு தடுமாறி நின்றுவிட்டது. பிறகு பெரியவர் கொஞ்ச நேரம் அந்தப் பையனையே உற்றுப் பார்த்தார். சாவு வீட்டுக்கும் இல்லாத, திருவிழாவுக்கும் இல்லாத ஒரு மெல்லிய அடியை, நிதானமாக, இடைவெளி விட்டு விட்டு அடிக்க ஆரம்பித்தார்.

ஆட்டத்தின் வேகத்தை இப்படிக் கையில் வைத்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் ஞாபகம் வந்தான். அங்கே கல்லூரிகளில் ஆடும் ஃபுட்பாலில் (அது வேறு ஆட்டம், கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது) ஒரு முட்டல் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 விநாடி கடிகாரம் உண்டு. வழக்கமாக அணி வட்டமாகக் கூடி ஆலோசித்துவிட்டு வரும். ஒரேகான் பல்கலைக்கழக அணி அந்த வட்டத்தையே விட்டுவிட்டது. அந்த நாட்களில் எல்லைக்கோட்டில் படம் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்கள், அதைப் பார்த்தே அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். எதிரணி ஆளை மாற்றவும் மூச்சு வாங்கவும் நேரமே கிடைக்காது. 2010 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 47 புள்ளிகள் குவித்தார்கள் என்று அவன் சிலாகித்துச் சொல்வான். அதே அணி முன்னிலை கிடைத்ததும் கடிகாரத்தைக் கடைசி நொடிவரை கரைத்து ஆடும் என்பதையும் சொல்லியிருக்கிறான். கேட்டபோது வெறும் உத்தி என்று நினைத்தேன். இங்கே கண்முன்னால் பார்த்தபோது அது எத்தனை நெஞ்சுரம் வேண்டிய காரியம் என்று தெரிந்தது. தன் ஊர்க்காரர்களே திட்டும்போது நிதானமாக நிற்பது லேசா? விடிகாலைத் தப்பும் தராசும் எத்தனையோ தலைமுறைக்கு வேகம் சொல்லிக்கொடுத்த மலைநாட்டில், கொழுந்து எடுக்கும் ஒரு தாயின் பிள்ளை பந்தின் மேல் காலை வைத்து மைதானம் முழுவதையும் தனக்காகக் காத்திருக்க வைத்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது குளிரால் வந்த சிலிர்ப்பில்லை.

பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும், அவ்வளவு சீக்கிரம் நடந்தது. பந்தின் மேல் காலை வைத்து நின்றவன் இந்த முறை நிற்கவில்லை. வந்த பந்தை வந்த வாக்கிலேயே முன்னே தள்ளினான். ஒல்லிப் பையன் அதை ஒரே தொடுதலில் உள்ளே திருப்பினான். பனிக்குள்ளிருந்து மூன்றாவதாக ஒரு மஞ்சள் சட்டை வந்தது தெரிந்தது, வலை அசைந்தது தெரிந்தது. நீலச் சட்டைகள் நடக்கிற ஆட்டத்துக்குப் பழகி நடந்துகொண்டே இருந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று! தப்பு வெறிபிடித்தாற்போல அடித்தது. டீச்சரான என் தோழி ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கிச் சுற்றினாள். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அந்தச் சந்தோஷமே அவர்களுக்கு வினையாகப் பார்த்தது. கோல் அடித்த தெம்பில் எல்லாரும் முன்னால் பாய்ந்தார்கள், ஐந்து நிமிடத்தில் பழையபடி கை முழங்காலுக்குப் போனது. நீல அணியின் ஒரு உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த 'டக்' சத்தத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதுவரை வாயே திறக்காத எட்டாம் நம்பர் "மெதுவா... மெதுவாடா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். ஆட்டம் மறுபடியும் படுத்தது. நடுவர் மைய வட்டத்தில் நின்று இரண்டு பக்கக் கோல் கம்பங்களும் தெரிகின்றனவா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். தெரிந்தும் தெரியாமலும் இருந்தன. கடைசி நிமிடங்களைச் சத்தத்தை வைத்தேதான் பின்தொடர்ந்தோம். ஒன்றுக்கு ஒன்று என்றே முடிந்தது.

திரும்பும் வழியில் நானுஓயாவுக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் பஸ் நின்றது. எட்டாம் நம்பர் கையில் சூடான கோப்பையோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தான். சமநிலையில் அவனுக்குத் திருப்தியில்லை, முகமே சொல்லிற்று. எப்போது வேகத்தைக் கூட்டுவது என்று எப்படித் தம்பி தெரிந்தது, சேர் ஏதாவது சாடை காட்டினாரா என்று கேட்டேன்.

"இல்லக்கா. மூச்சப் பாத்தேன்."

புரியாமல் விழித்தேன். அவன் தன் வாயைக் குவித்து ஊதிக் காட்டினான். கடை விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாக ஒரு புகை கிளம்பிக் கலைந்தது. "அவங்க பேக் ரெண்டு பேரு. மொதல்ல மூக்கால விட்டாங்க, பொக சின்னதா வந்துச்சு. நாங்க பந்த வச்சிக்கிட்டே இருந்தோம்ல, அவங்கதான் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடினாங்க. அப்பறம் வாயால விட ஆரம்பிச்சாங்க. பெருசா, சும்மா குபுகுபுன்னு. சரி, இப்ப போடலாம்னு போட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கோல் போட்ட பொறகு எங்க ஆளுங்க மூச்ச நான் பாக்கல. அதான் தப்பாப் போச்சு" என்றான்.

அந்த இடத்திலேயே அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பனிக்கு நடுவே ஓடிக்கொண்டே, பந்தையும் காலில் வைத்துக்கொண்டு, எதிரில் நிற்பவன் விடும் மூச்சின் அளவைக் கணக்கெடுத்திருக்கிறான்! எந்தக் கடிகாரமும் எந்த அட்டையும் இல்லாமல்!

அடுத்த ஆட்டம் எங்கே என்று கேட்டேன். கம்பளையில் என்றான். கம்பளை கீழே, வெயில் அடிக்கிற ஊர். அங்கே ஒருவன் மூச்சு மற்றவனுக்குத் தெரியாதே, என்ன செய்வாய் என்றேன்.

"தோளு மேல கீழ போகும்ல அக்கா, அதப் பாப்பேன்" என்றான். அதற்குள் சேர் பஸ்ஸிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். கோப்பையை ஒரே மடக்கில் காலி செய்துவிட்டு ஓடினான்.